பிறந்த வீட்டுக் கோடி

அக்கா அழகம்மாள் சோழவந்தானில் மாரடைப்பில் போய்விட்டாள் என்று தகவல் வந்ததும், நல்லகாமன் ஜவுளிக்கடைக்காரரை எழுப்பிப் பின்வாசல் வழியாக ஒரு அரக்குச் சேலை வாங்கிக்கொண்டு பைக்கில் கிளம்பினார். பெண் செத்தால் பிறந்த வீட்டுக் கோடிச் சேலையைப் போர்த்திய பிறகுதான் பாடையைத் தூக்குவார்கள். அந்தப் பிறந்த வீட்டில் மிச்சமிருந்தது தம்பி இவர் ஒருத்தர்தான்.

கொரோனா ஊரடங்கு உச்சத்தில் இருந்த நேரம். டி. கல்லுப்பட்டிக்கு முன்னால், மாவட்ட எல்லைச் சோதனைச்சாவடியில் நிறுத்திவிட்டார்கள். இ-பாஸ் இல்லை. சாவுக்குப் போகப் பாஸ் கேட்டால் இறப்புச் சான்று கேட்கிறது கம்ப்யூட்டர். சான்று தரவேண்டிய ஆபீஸோ பூட்டிக் கிடக்கிறது. எமன் மட்டும் பாஸ் இல்லாமல் எல்லா மாவட்டத்துக்கும் போய்வந்துகொண்டிருந்தான். நல்லகாமன் காலில் விழப்போனார். போலீஸ்காரர், பாவம், ஆறடி தள்ளி நிற்கச் சொல்லிப் பின்னால் நகர்ந்தார்.

கடைசியில் பால்வண்டி ஓட்டும் அழகுமலை இரக்கப்பட்டான். சேலைப் பையின் மேல் சானிடைசரைத் தெளித்து வாங்கிக்கொண்டு, சோழவந்தானில் சேர்த்துவிடுவதாகச் சொல்லிப் போனான். நல்லகாமன் புளியமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். நாதியற்றவளைப் போல அக்காவைக் கோடி இல்லாமல் தூக்கிவிடுவார்களோ என்று போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

உச்சிவெயிலில் அக்கா மகள் கனகலட்சுமி கூப்பிட்டாள். கோடி போட்டுத்தான் அம்மாவைத் தூக்கினார்கள் என்றாள். நல்லகாமன் அழகுமலை போன திசைக்கு ஒரு கும்பிடு போட்டார். போட்ட கையை இறக்குவதற்குள் அழகுமலையே கூப்பிட்டான்.

"அண்ணே, காளவாசலத் தாண்டி விடமாட்டேன்ட்டாங்க. சேல என்கிட்டதாண்ணே கெடக்கு. மன்னிச்சிருங்க."

நல்லகாமன் மறுபடி கனகலட்சுமியைக் கூப்பிட்டு, கோடி கொண்டுவந்தது யார் என்று கேட்டார்.

"என்ன மாமா கேக்குறீங்க? நீங்கதான வந்தீங்க. மாஸ்க்க எறக்காம, யாரையும் தொடாம, எட்ட நின்னே நாற்காலில அரக்குச் சேலைய வச்சீங்க. ஒரு வார்த்த பேசல. நமக்கு நோவு வந்துரக்கூடாதுன்னுதான் அப்படியே திரும்பிட்டாருன்னு அப்பா சொல்லிச் சொல்லி அழுதாரு."

நான் வரவில்லை என்று சொன்னால், அம்மா போர்த்திப் போனது யார் கோடியோ என்று அந்தப் பிள்ளை ஆயுசுக்கும் தவிக்கும். யாரோ ஒரு புண்ணியவான், முகத்தை மூடியிருந்ததால் ஆள் தெரியவில்லை என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டார்.

"ஆமா தாயி, நாந்தான் வந்தேன்."

கருமாதிக்கும் பாஸ் கிடைக்கவில்லை. அன்றைக்கு நல்லகாமன் வீட்டிலேயே தலைமுழுகிவிட்டு, அக்காவை நினைத்து அழுதபடி கிடந்தார். சாயங்காலம் கனகலட்சுமி கூப்பிட்டாள். குரலில் கொஞ்சம் கோபம் இருந்தது.

"இம்புட்டுத் தூரம் வந்துட்டு, இன்னைக்கும் ஒரு வாய் சாப்பிடாமப் போயிட்டீங்களே மாமா."