ஐஸ் வைத்த ரத்தம்

பத்து வருஷமாக ரத்தம் என்றால் ஐஸ் என்று பழகிய கை என்னுடையது. திங்கட்கிழமை திண்டிவனத்தில் இருதயமேரியிடம் எடுத்த ஆறு டியூப் ரத்தத்தையும் அது தானாக ஐஸ் பெட்டியில் வைத்து மூடிவிட்டது. இந்த ஆய்வுக்கு மட்டும் ஐஸ் ஆகாது. ரத்தத்தில் இருக்கும் செல்கள் சுறுசுறுப்பாக வந்து சேர வேண்டும். நானோ, லேபுக்குத் திரும்பும் விழுப்புரம் பஸ்ஸில் இடம் கிடைத்ததும் தூங்கிப்போனேன்.

இருதயமேரி வல்லம் பக்கம் நாற்று நடப் போகிறவர். ஹெபடைடிஸ் பி கிருமி எத்தனை வருஷமாக ஈரலில் குடியிருக்கிறதோ, அவருக்கே தெரியாது. இப்போது ஈரல் வீங்கிவிட்டது. ரத்தம் கொடுத்த கையோடு மாத்திரை ஆரம்பிக்கச் சொல்லியிருந்தார், இந்த ஆய்வை நடத்தும் டாக்டர் ஜெகதீசன்.

"இத வச்சு இன்னா பாக்கப் போறீங்க மேடம்?"

"கிருமியோட சண்டை போடற செல்லுங்க ரத்தத்துல இருக்குதும்மா. வருஷக்கணக்கா போட்டுப் போட்டு அசந்து போயிருக்கும். இன்னும் எவ்ளோ தெம்பு மிச்சம்னு பாக்கணும்."

"எனக்கே தெம்பு இல்ல. அதுங்களுக்கு எங்கேர்ந்து வரும்?" என்றார். சிரிக்கவில்லை. எனக்கும் அன்றைக்குச் சிரிக்க முடியவில்லை.

புதன்கிழமை லேபில் பார்த்தால், எப்பேர்ப்பட்ட சோம்பேறிச் செல்லையும் எழுப்பிவிடும் மருந்துக்குக்கூட அந்தச் செல்கள் அசையவில்லை. அப்போதுதான் ஐஸ் ஞாபகம் வந்தது. மாத்திரைக்கு முந்தின ரத்தம்தான் ஆய்வுக்கு வேண்டும், இனி எடுத்துப் பிரயோஜனமில்லை என்றார் டாக்டர். திட்டியிருந்தால் தேவலை.

இருதயமேரிக்குப் போன் போட்டு, தப்பு என்னுடையது என்று ஒப்புக்கொண்டேன்.

"திரும்ப எடுத்துக்குங்க மேடம். மாத்திரைய நான் இன்னும் பிரிக்கவே இல்ல."

"ஏம்மா? டாக்டர் அன்னிக்கே ஆரம்பிக்கச் சொன்னாரே?"

"நான் சொல்றவரைக்கும் போடாதீங்கன்னு போன வாரம் நீங்கதான சொன்னீங்க? உங்க போனுக்குத்தான் பாத்துக்கினு கெடக்கேன். நேத்துலேர்ந்து வாந்தி. கண்ணு மஞ்சளாயிடுச்சுன்னு வூட்ல சொல்றாங்க."

ரத்தம் எடுக்கும் முன்னால் போட்டுவிடக் கூடாதே என்று சொன்னது அது. எடுத்த பிறகு, இனிமேல் போடலாம் என்று சொல்ல வேண்டியவள், சொல்லாமல் பஸ் ஏறிவிட்டேன்.

அந்த நிலையிலும் என் மனசு கணக்குப் போட்டது. காலையில் முதல் பஸ், எட்டு மணிக்கு ரத்தம், உடனே மாத்திரை. ஆய்வு பிழைத்துவிடும். ஒரு நொடிதான் நினைத்தேன். இன்றைக்கும் அதற்காக வெட்கப்படுகிறேன்.

"பக்கத்துல தண்ணி இருக்குதா?"

"இருக்குது."

"ஒண்ணு எடுத்து இப்பவே போடுங்க. அப்பறம் ஆட்டோ புடிச்சு ஜல்தியா திண்டிவனம் ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க. நானும் கெளம்பி வர்றேன்."

அட்டையைப் பிரிக்கிற சத்தம் கேட்டது. பிறகு தண்ணீர் குடிக்கிற சத்தம்.

"போட்டுட்டேன் மேடம். அடுத்தது எப்ப போடறதுன்னு நீங்க போன் பண்ணுவீங்களா?"

"நாளைக்கு இதே நேரம்மா. தெனமும் இதே நேரம். என் போனுக்குக் காத்துக்கினு இருக்காதீங்க."

"சரிங்க மேடம்," என்றார். "இருந்தாலும் ஒரு போன் பண்ணுங்க."