குளியலறையில் நாலு போல்ட்

அன்று காலை அங்கே இருந்தவர்கள்: மில்லி, பேருந்து ஓட்டுநரான அவளுடைய அண்ணன் (அன்று அவருக்கு விடுமுறை), அண்ணி, அக்காவின் கணவரான கொத்தனார், கொத்தனார் வேலை பார்க்கும் புதுக் கட்டடத்தின் சூப்பர்வைசர். மொத்தம் ஐந்து பேர். அறைக்குள் நிற்க முடிந்தது இரண்டு பேர்தான். மற்றவர்கள் வாசலில் ஒருவர் தோளுக்கு மேல் ஒருவர் தலையை நீட்டிக்கொண்டு நின்றார்கள்.

அதை அறை என்று சொன்னால் அறைகளுக்கே கோபம் வரும். ஆறடிக்கு ஐந்தடி. ஆறு மாதம் முன்புவரை வீட்டின் இரண்டாவது குளியலறை. குழாயைக் கழற்றி அடைத்தாயிற்று. கண்ணாடி மாட்டியிருந்த இடத்தில் பழைய கணினித் திரை. சோப்பு வைக்கும் மாடத்தில் வெட்டுமுனைகள் வரிசையாக நின்றன. தரையை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. தண்ணீர் ஓடவேண்டும் என்று கட்டிய தரை, வடிகால் மூலையைப் பார்த்துச் சரிந்தே கிடந்தது.

நடுவில் மெஷின். அலுமினியச் சட்டம், நாலு கால், மூன்று மோட்டார். கணினி சொல்கிறபடி வெட்டுமுனை இடம் வலமாகவும் முன் பின்னாகவும் மேல் கீழாகவும் போகும். கடையில் வாங்கியது பாதி, உடைந்த மெஷின்களிலிருந்து பிடுங்கியது பாதி. தொழிற்சாலையில் பதினோரு வருடம் இரவு ஷிஃப்டில் மில்லிங் மெஷின் ஓட்டியவள், ஒரு நாள் ஷிஃப்டின் நடுவிலேயே கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு வந்துவிட்டாள். வந்த மறுநாள் ஆரம்பித்தது இது. வீட்டில் ஒரு படம் மாட்டுவதென்றாலும் ஸ்கேலோடு வந்து நிற்பாள் என்பதால் அண்ணன் அவளுக்கு வைத்த பெயர் மில்லிமீட்டர். சுருங்கி மில்லி ஆனது.

அண்ணிக்கு இந்த மெஷின் கண்ணில் விழுந்த தூசி. வீட்டில் ஆறு பேர், இருப்பது ஒரே குளியலறை.

"காலையில ஒருத்தர் குளிச்சு முடிக்கிறதுக்குள்ள வெளிய நிக்கிறவருக்கு நரை விழுந்துடுது" என்று தினமும் சொல்வாள். அவள் சொன்னதில் பிழையும் இல்லை.

கடைசியில் அண்ணன் கெடு வைத்தார். "வெள்ளிக்கிழமை அந்த ஆள் வர்றாரு. அவர் முன்னாடி உன் மெஷின் ஒழுங்கா எழுதினா அறை உனக்கு. எழுதலைன்னா சனிக்கிழமை குழாய் வரும். அப்புறம் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்காதே."

அந்த ஆளைக் கூட்டிவரப்போவது கொத்தனார். புதுக் கட்டடத்தில் நூற்றுப் பதினெட்டுக் கதவுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர்த் தகடு. "எங்க மச்சினி ஒரு மெஷின் பண்ணியிருக்கா, வந்து பாருங்க" என்று சூப்பர்வைசரின் காதில் போட்டுக்கொண்டே இருந்து சம்மதிக்க வைத்தவர் அவர்தான்.

வியாழக்கிழமை மில்லி வெளியே போயிருந்தபோது, வடிகால் ஓட்டையைப் பூசி அடைக்கக் கொத்தனார் வந்தார். மெஷினைத் தொட்டுப் பார்த்தார். ஆடியது. தரையில் துளை போட்டு நாலு காலையும் நாலு போல்ட்டால் இறுக்கிவிட்டுப் போனார். யாரிடமும் சொல்லவில்லை. உதவி செய்ததைச் சொல்லிக்காட்டுகிற பழக்கம் அவருக்குக் கிடையாது.

மில்லி அதைப் பார்த்தது வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு. மெஷினின் அலுமினிய மேடையில் இரண்டு துளை போட்டு முடித்து, கீழே விழுந்த, வெட்டுமுனையைக் கழற்றும் சாவியை எடுக்கக் குனிந்தாள். போல்ட் நாலும் அவளைப் பார்த்துப் பல்லைக் காட்டின.

உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. சரிந்த தரையோடு நாலு காலையும் இழுத்து இறுக்கினால், ஈரத்துணியைப் பிழிவதுபோலச் சட்டம் முறுக்கிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாது, வெட்டும்போது தெரியும். அந்தச் சட்டத்தை நேராக்க அவளுக்கு மூன்று மாதம் ஆகியிருந்தது. ஸ்பேனரை எடுத்தாள். வாசலில் பேச்சுச் சத்தம். பத்தரைக்கு வரவேண்டிய சூப்பர்வைசர் பத்துக்கே வந்து நின்றார், கூடவே கொத்தனார், முகமெல்லாம் சிரிப்பாக.

ஸ்பேனரைக் கீழே வைத்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு தகட்டை எடுத்தாள். மேலே கறுப்பு, உள்ளே வெள்ளை. கறுப்பைச் சுரண்டினால் வெள்ளை எழுத்து வரும். அடியில் ஒட்டுநாடாவை ஒட்டி மேடையில் அழுத்தினாள். இடது ஓரத்தில் வெட்டுமுனையைத் தகடு தொடும்வரை இறக்கி, அதுதான் தொடக்கம் என்று கணினிக்குச் சொன்னாள். அங்கிருந்து ஆழம் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு.

மெஷின் வண்டுபோல ரீங்கரித்து எழுதியது. எழுத வேண்டிய சொல்: காத்திருக்கவும்.

'கா' பளிச்சென்று வந்தது. 'த்தி'யும் வந்தது. 'ரு' நூலாக இளைத்தது. 'க்க' வெறும் கீறல். 'வும்' வரவே இல்லை. வெட்டுமுனை தகட்டைத் தொடாமல் காற்றில் எழுதிவிட்டு நின்றது.

அண்ணன் எட்டிப் பார்த்தார். "காத்திருன்னு சொல்லுது. எவ்வளவு நாளைக்குன்னுதான் சொல்லலை."

"ஆறு மாசமா அதைத்தானே பண்றோம்" என்றாள் அண்ணி.

சூப்பர்வைசர் மரியாதைக்குச் சிரிக்காமல் இருந்தார். அந்த மரியாதைதான் மில்லிக்குத் தாங்கவில்லை. கொத்தனார் பக்கம் திரும்பினாள்.

"இப்ப சந்தோஷமா மாமா?"

"என்னம்மா?"

"யாரைக் கேட்டு இதுல கை வெச்சீங்க?"

"ஆடிச்சும்மா. எழுதறப்போ ஆடக்கூடாதேன்னு..."

"ஆடினா உங்களுக்கு என்ன? இது என்ன கட்டிலா? மூணு மாசம் உக்காந்து நேராக்கினதை மூணு நிமிஷத்துல முறுக்கி வெச்சிருக்கீங்க!"

"இல்லம்மா, நான் அடியில..."

"அடியும் வேணாம் முடியும் வேணாம். பேசாதீங்க. சுவரைக் கோணலா எழுப்பிட்டு, மேல ரெண்டு கை சிமெண்டைப் பூசி மறைச்சுட்டுப் போற வேலை இல்ல இது. இங்க பூசி மறைக்க முடியாது. கோணல்னா கோணல்தான்!"

கொத்தனார் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார், அவை ஏதோ திருடிவிட்டதைப் போல.

"அப்படியா மேஸ்திரி?" என்றார் சூப்பர்வைசர், சிரித்துக்கொண்டே. "பூசி மறைக்கிறது உண்டா? அஞ்சாவது மாடி நீங்க எழுப்பினதுதானே?"

"ஏதோ கோவத்துல பேசறா சார்" என்றார் கொத்தனார்.

"பத்து நிமிஷம் குடுங்க" என்று மில்லி தரையில் மண்டியிட்டாள்.

முதல் நட்டைக் கழற்றினாள். இரண்டாவது. மூன்றாவது. நாலாவது நட்டைத் தளர்த்தும்போது ஒரு கையைச் சட்டத்தின் மேல் வைத்துக்கொண்டாள். முறுக்கிய சட்டம், விட்டால் துள்ளும். அந்தத் துள்ளலை எல்லார் முன்னாலும் காட்ட வேண்டும் என்று இருந்தது அவளுக்கு.

நட்டு கழன்றது. சட்டம் துள்ளவில்லை. ஒரு மயிரிழைகூட எழும்பவில்லை.

குனிந்து பார்த்தாள். வடிகால் மூலையில் இருந்த காலுக்கு அடியில் மெல்லிய தகரம், மூன்று மடிப்பு. விளிம்பு கையைக் கிழிக்காதபடி அரத்தால் தேய்த்திருந்தது. அடுத்த காலுக்கு அடியில் இரண்டு மடிப்பு. அதற்கடுத்ததற்கு ஒன்று. மேட்டில் இருந்த காலுக்கு ஒன்றும் இல்லை. தரை எந்த இடத்தில் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று ஒவ்வொரு காலாக அளந்து, முட்டுக்கொடுத்து, அதற்குப் பிறகுதான் இறுக்கியிருக்கிறார். அவளே செய்திருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பாள்.

எழுந்தாள். கெட்டுப்போன தகட்டை மேடையிலிருந்து உரித்துத் திருப்பினாள். இடது ஓரத்தில், ஒட்டுநாடாவில் பதிந்து, நகத்துண்டு மாதிரி ஓர் அலுமினியச் சுருள். காலையில் அவள் துளை போட்டபோது விழுந்தது. பதினோரு வருடத்தில் மேடையைத் துடைக்காமல் அவள் எதையும் வைத்ததில்லை. இன்று போல்ட்டைப் பார்த்த ஆத்திரத்தில் துடைக்கவில்லை. சுருள் இடது ஓரத்தைத் தூக்கிவிட்டது. தூக்கிய ஓரத்தில் தொடக்கம் வைத்தாள். வலது பக்கம் பள்ளமாகிப்போனது. அவ்வளவுதான் விஷயம். போல்ட்டுக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

நாலு பேரும் அவள் முதுகுக்குப் பின்னால் நின்றார்கள். திரும்பி ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும்.

சுருளைக் கிள்ளி எடுத்துச் சட்டைப் பையில் போட்டாள். மேடையைத் துடைத்தாள், இருமுறை. புதுத் தகட்டை ஒட்டினாள்.

காத்திருக்கவும். முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை ஒரே வெள்ளை, ஒரே கனம்.

"அடேயப்பா" என்றார் சூப்பர்வைசர். தகட்டை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். "நூத்திப் பதினெட்டும் இதே மாதிரி வருமா?"

"வரும்."

"அப்போ திங்கக்கிழமை பட்டியல் அனுப்பறேன்." கிளம்பும்போது கொத்தனாரின் தோளைத் தட்டினார். "அஞ்சாவது மாடிச் சுவர் நேரா நிக்குதான்னு ஒரு தடவை தூக்குக்குண்டு விட்டுப் பாத்துடலாம் மேஸ்திரி. சும்மா, ஒரு திருப்திக்கு."

"பாருங்க சார்" என்றார் கொத்தனார். இருபத்தாறு வருடத்தில் அவருடைய சுவரை யாரும் மறுபடி அளந்ததில்லை.

அண்ணன் பெருமூச்சுவிட்டார். "சொன்னா சொன்னதுதான். அறை உனக்கு. ஆனா வாயக் கொஞ்சம் அடக்கு." அண்ணி, இருக்கிற ஒரே குளியலறையில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்கப் போனாள்.

கொத்தனார் மட்டும் நின்றார். உள்ளே வந்து உட்கார்ந்து கழற்றிய நட்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார்.

"தப்பு என்மேலதான்மா. உன்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்."

அவர் மன்னிப்புக் கேட்டது மில்லிக்குக் கோபத்தை இன்னும் ஏற்றியது. இந்த மனுஷன் ஒரு தடவையாவது கத்தித் தொலைக்கக் கூடாதா? எதையாவது தூக்கி எறியக் கூடாதா? அப்படிச் செய்திருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று நினைத்துக்கொண்டாள். அதுவும் பொய். சொல்லியிருக்க மாட்டாள்.

அவர் தகரத் துண்டுகளை உருவி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "மட்டம் பாத்துத்தான் தகரம் வெச்சேன். அதைத்தான் சொல்ல வந்தேன். போதல போலிருக்கு."

"போதல."

"எவ்வளவு போதலம்மா? தெரிஞ்சா அடுத்த தடவைக்கு ஆகும்."

எதையும் ஏறக்குறைய என்று சொல்லத் தெரியாதவள் மில்லி. அளக்காத எதற்கும் அவள் வாயிலிருந்து ஓர் எண் வந்ததில்லை.

"அரை மில்லி" என்றாள்.

"அரை மில்லி." கொத்தனார் தலையை ஆட்டினார். கட்டைவிரலையும் ஆள்காட்டிவிரலையும் நெருக்கிப் பிடித்து அது எவ்வளவு என்று ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "கண்ணு போயிடுச்சு போல எனக்கு. வயசாகுதில்ல."

பதிலுக்காக ஒரு நிமிடம் நின்றார். பிறகு விரல்களை அப்படியே பிடித்தபடி வெளியே நடந்தார். மில்லி கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டாள். அது போதாதென்று சாவியையும் திருப்பினாள்.