விடைக்குறிப்புக்கு ஓர் ஆட்சேபம்

பொது அறிவுக் கேள்வி ஒன்றுக்கு நான்கு விடை கொடுக்க வேண்டும். அதில் சரியானது ஒன்றுதான். அதை எந்தப் புத்தகத்தைப் பிரித்தாலும் எடுத்துவிடலாம். மீதி மூன்று தவறான விடைகள் இருக்கின்றனவே, அவை எந்தப் புத்தகத்திலும் கிடைக்காது. ஓர் ஆள் உட்கார்ந்து செய்தாக வேண்டும். பார்த்தால் சரி போலவே இருக்க வேண்டும். அரைகுறையாகப் படித்தவன் வந்து வசமாக மாட்டிக்கொள்ள வேண்டும். அரசு வேலைத் தேர்வுக்குப் பயிற்சி கொடுக்கும் அந்த மையத்தில் இந்த வேலையைச் செய்தவரை மாணவர்கள் 'விடை சார்' என்றார்கள். அவர் முகத்தைப் பார்த்தவர்கள் அவர்களில் குறைவு. மாடியில், நகல் எடுக்கும் இயந்திரத்துக்குப் பின்னால் ஒரு மேசை. ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். அங்கேதான் மனிதர் உட்கார்ந்திருந்தார்.

அவரும் ஒரு காலத்தில் தேர்வு எழுதியவர்தான். எழுதி எழுதியே வயது வரம்பைத் தாண்டிவிட்டார். வேலை கிடைக்கட்டும், கல்யாணத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று வீட்டில் ஆறப்போட்டார்கள். வேலையும் வரவில்லை, ஆறப்போட்டதை யாரும் மறுபடி எடுத்துச் சூடுபண்ணவும் இல்லை. படித்தது மட்டும் மண்டைக்குள் பத்திரமாகக் கிடந்தது. எந்த நாட்டுக்கு எது தலைநகர், எந்த உலோகம் திரவமாக இருக்கும், ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தில் எத்தனை எலும்பு என்று எல்லாம் தெரியும். அவரிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை, அவ்வளவுதான். அக்கா மட்டும் மாதத்துக்கு ஒருமுறை போன் செய்வாள். அவளிடமும் கேள்விகள் மூன்றுதான்: சாப்பிட்டியா, உடம்பு எப்படி இருக்கு, வேற என்ன. அந்த மூன்றாவதற்கு அவர் ஒருநாளும் விடை கண்டுபிடித்ததில்லை.

திங்கட்கிழமை காலையில் நூறு கேள்விகள் கொண்ட மாதிரித் தேர்வு எல்லார் போனுக்கும் போகும். எழுதி முடித்தால் உடனே விடைக்குறிப்பு தெரியும். விடை தவறு என்று நினைத்தால் கேள்விக்குக் கீழே ஒரு பெட்டி இருக்கிறது, அதில் ஆட்சேபம் எழுதலாம். அதைப் படித்து 'ஏற்கப்பட்டது', 'நிராகரிக்கப்பட்டது' என்ற இரண்டில் ஒரு பொத்தானை அழுத்துவது விடை சாரின் வேலை. பக்கத்தில் நாலு வரி பதில் எழுத இடமும் உண்டு. அதில் அவர் "திருத்தப்பட்டது. நன்றி." என்பதைத் தவிர வேறு எதையும் எழுதியது கிடையாது. வெள்ளிக்கிழமை மாலை, திருத்தம் சிவப்பு எழுத்தில் எல்லாருக்கும் போய்விடும்.

உண்மையைச் சொன்னால் அந்தப் பெட்டியை யாரும் தொடுவதில்லை. மதிப்பெண்ணைப் பார்ப்பார்கள், உச்சுக் கொட்டுவார்கள், மூடிவிடுவார்கள். ஒரு நாள் நிஜமாகவே கை தவறி, உடலின் மிகப்பெரிய சுரப்பி எது என்ற கேள்விக்குக் கணையம் என்று போட்டுவிட்டார். அன்று மாலை பெட்டியில் சிவப்புப் புள்ளி ஒன்று தெரிந்தது. 'ஜன்னலோரம்' என்ற புனைபெயரில் யாரோ எழுதியிருந்தார்கள்.

"சார், கல்லீரல்தானே? எங்க அப்பாவுக்கு அதுதான் கெட்டுப்போச்சு. டாக்டர் படம் போட்டே காட்டினார். இதுல நான் தப்பு பண்ண மாட்டேன்."

விடை சார் அதை எத்தனை தடவை படித்தார் என்று கேட்கக் கூடாது. யாரோ ஒருவர் தன் வீட்டு விஷயத்தை அவரிடம் சொல்லியிருக்கிறார். அன்று அவர் அறைக்குத் திரும்பி, ஒற்றை நாற்காலியில் உட்கார்ந்து, சாப்பிடும்போது அந்த முகம் தெரியாத அப்பாவைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் நூறு விடையும் சரி. பெட்டி காலி. அதற்கடுத்த வாரமும் அப்படியே. மனிதருக்கு இருப்புக் கொள்ளவில்லை. மூன்றாவது வாரம், சூரியனுக்கு மிக அருகில் உள்ள கோள் வெள்ளி என்று வேண்டுமென்றே போட்டுவிட்டு, கொக்கு மாதிரிக் காத்திருந்தார்.

"புதன் சார்! இதுகூடவா? தூக்கக் கலக்கமா? நேத்து நானும் தூங்கல. அப்பா முனகிட்டே இருந்தார். கட்டில் கண்ணுல படணும்னு ஜன்னலோரம் உக்காந்து படிக்கிறேன்."

அவ்வளவுதான், அவர் கால் தரையில் பாவவில்லை. அன்றிலிருந்து வாரம் ஒரு தவறு. யாருக்கும் கெடுதல் இல்லை, வெள்ளிக்கிழமைதான் திருத்திவிடுகிறோமே என்று மனசாட்சியைத் தட்டிக்கொடுத்துத் தூங்கவைத்தார். தவறான விடை செய்வதில் கைதேர்ந்தவர் அல்லவா. ஜன்னலோரத்துக்குப் பிடிபடும்படியும் மற்றவர்கள் கவனிக்காதபடியும் பார்த்துப் பார்த்துச் செய்தார். ஒருமுறை குஷி முற்றிப்போய், கடலில் வாழும் பாலூட்டி சுறா என்று போட்டார்.

"சுறா பால் குடுக்குதா சார்? எங்க பால்காரர்கிட்ட சொல்றேன், அவர் ரொம்ப நாளா கடைய விரிவாக்கணும்னு இருக்கார்."

விடை சார் வாய்விட்டுச் சிரித்தார். நகல் எடுக்க வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்த மேசையிலிருந்து அப்படி ஒரு சத்தத்தை அவர்கள் கேட்டதில்லை. சிரித்து முடித்து, "திருத்தப்பட்டது. நன்றி." என்று எழுதி அனுப்பினார்.

மைய நிர்வாகிக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. விடை சாரைவிட வயதில் சிறியவர், கணக்கில் கெட்டி.

"அண்ணே, வாரா வாரம் ஒரு திருத்தமா? பேரு நாறிடும். ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கங்க. யாராவது ஆட்சேபம் எழுதினா திருத்துங்க. யாரும் கேக்காதப்ப நாமளா போய்த் தப்புன்னு சொல்லிக்கக் கூடாது."

"சரி," என்றார் விடை சார். அவருக்கு அது ஒரு பொருட்டாகவே படவில்லை. ஜன்னலோரம்தான் கேட்டுவிடுமே.

அரசுத் தேர்வுக்கு முந்தைய வாரம் வந்தது. அந்த வாரம் சும்மா இருந்திருக்கலாம். மற்ற வாரங்களில் தவறு போட்டதுகூடப் போகட்டும், அந்த வாரம் போட்டதற்கு எந்தச் சமாதானமும் கிடையாது. ஆனால் தேர்வு முடிந்தால் மாதிரித் தேர்வு இல்லை, மாதிரித் தேர்வு இல்லாவிட்டால் ஆட்சேபமும் இல்லை. கடைசியாக ஒரு தடவை என்று மனசு அடித்துக்கொண்டது. உடலின் மிகச்சிறிய எலும்பு எது என்று கேட்டார். காதுக்குள் வரிசையாக மூன்று குட்டி எலும்புகள் இருக்கின்றன: சுத்தி, பட்டடை, அங்கவடி. அங்கவடிதான் மூன்றிலும் சிறியது. அவர் சுத்தி என்று போட்டார்.

திங்கள் போனது. செவ்வாய் போனது. பெட்டியில் புள்ளி விழவில்லை. விடை சார் கணினியை அணைத்துப் போட்டுப் பார்த்தார், கம்பியைப் பிடுங்கிச் செருகிப் பார்த்தார். நாளைக்கு எழுதும், நாளைக்கு எழுதும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். தானே முந்திக்கொண்டு திருத்திவிட்டால் ஜன்னலோரம் எழுதுவதற்கு என்ன காரணம் மிஞ்சும்? அந்த ஒரே நினைப்பில் வெள்ளிக்கிழமையும் வந்துவிட்டது.

மாலையில் கீழ்க் கதவை இழுத்துச் சாத்தப்போன நிர்வாகி படிக்கட்டிலிருந்தே குரல் கொடுத்தார்.

"ஆட்சேபம் ஏதாவது வந்துச்சா அண்ணே?"

"இல்ல."

"அப்பாடா. கடைசித் தேர்வாவது சுத்தமா முடிஞ்சுது."

அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. இரவெல்லாம் அது மண்டையைக் குடைந்தது. சனிக்கிழமை காலையில் ஓடிவந்து பார்த்தால், மாணவர்கள் கடைசி நேரத்தில் எதையாவது படித்துக் குழம்பக் கூடாதென்று நிர்வாகி எல்லாவற்றையும் தேர்வு முடியும்வரை பூட்டிவைத்திருந்தார். விடை சார் அவருக்குப் போன் போட்டார்.

"ஒரு திருத்தம் போடணும். கொஞ்சம் திறந்து விடுங்களேன்."

"யாராவது கேட்டாங்களா?"

"இல்ல... நானாத்தான் பாத்தேன்."

"விடுங்கண்ணே. ஒரு கேள்விக்காக எல்லாரையும் கலக்கி விடணுமா? அதுவேதான் வரப்போகுதா என்ன?"

அதற்கு மேல் விடை சார் வற்புறுத்தவில்லை. வற்புறுத்திப் பழக்கமில்லாத மனிதர்.

ஞாயிற்றுக்கிழமை தேர்வு நடந்தது. மறுநாள் வினாத்தாள் அவர் மேசைக்கு வந்தது. அதற்கு விடைக்குறிப்பு தயாரிப்பதும் அவர் வேலைதானே. பேனாவைப் பிடித்துக்கொண்டு வரிசையாக இறங்கி வந்தார். நடுவில் ஓரிடத்தில் பேனா நின்றது. மனித உடலின் மிகச்சிறிய எலும்பு எது? நான்கு விடைகளில் சுத்தியும் இருந்தது, அங்கவடியும் இருந்தது.

அதன் பிறகு வந்த மாதங்களில் அவர் ஒரு தவறும் போடவில்லை. புதிய மாணவர்கள் வந்தார்கள், திங்கட்கிழமைகள் வந்தன, பெட்டி காலியாகவே கிடந்தது. "இப்பதான் அண்ணே பழைய மாதிரி ஆயிட்டீங்க," என்று நிர்வாகி முதுகில் தட்டிவிட்டுப் போனார். அக்கா போனில் வேற என்ன என்று கேட்டபோது, அவருக்கு முதல்முறையாகச் சொல்ல ஒன்று இருந்தது. ஒண்ணுமில்ல என்று சொல்லி வைத்துவிட்டார்.

தேர்வு முடிவுகள் வெளிவந்தன. அதற்கு மறுநாள், எல்லாரும் சாப்பிடப் போயிருந்த மத்தியான நேரத்தில் மையத்துத் தொலைபேசி அடித்தது. எடுக்க வேறு ஆளில்லாததால் விடை சாரே எடுத்தார்.

"விடை போடற சார் இருக்காரா?" பெண் குரல். சின்ன வயசுக் குரல் இல்லை.

"நீங்க யாரு?"

"ஜன்னலோரம்னு சொன்னா தெரியும்."

வெளியே போயிருக்கார் என்று சொல்லிவிடலாம். அவள் நம்பியும் இருப்பாள். "நான்தான்," என்றார்.

"ரிசல்ட் வந்துடுச்சு சார். ஒரே ஒரு கேள்வில போச்சு," என்றாள்.

"எந்தக் கேள்வி?" தெரிந்துகொண்டே கேட்டார்.

"காதுல இருக்கற எலும்பு. மாதிரித் தேர்வுல நான் அங்கவடின்னுதான் போட்டேன். அது தப்பு, சுத்தின்னு உங்க விடைல இருந்துச்சு. அந்த வாரம் அப்பாவ ஆஸ்பத்திரில சேத்திருந்தேன். அங்க உக்காந்துதான் எழுதினேன்."

"அப்ப ஏம்மா ஆட்சேபம் எழுதல? நேரமில்லையா?"

"நேரம் இருந்துச்சு சார். ஆஸ்பத்திரில நேரத்துக்கா பஞ்சம்?" குரல் இறங்கியது. "நீங்க வேணும்னே தப்பு போடறீங்கன்னு எனக்கு ரொம்ப நாளாத் தெரியும். சுறா பால் குடுக்கும்னு நம்பற ஆளா நீங்க? என்னை மாதிரி ஆளுங்களத் தயார் பண்ணத்தான் இப்படிப் பண்றீங்கன்னு நெனச்சேன். எனக்கும் பிடிச்சிருந்துச்சு. அப்பா முனகற சத்தத்தத் தவிர வேற பேச்சே இல்லாத வீடு. திங்கக்கிழமை வந்தா, இந்த வாரம் எங்க ஒளிச்சு வெச்சிருக்கார்னு தேடுவேன். ஆனா பரீட்சைக்கு முந்தின வாரம் நீங்க விளையாட மாட்டீங்கன்னு நம்பினேன் சார். இது அவர் நெஜமா சொல்ற விடை, நாமதான் தப்பாப் படிச்சிருக்கோம்னு, நோட்டுல என்னோடத அழிச்சு உங்களோடத எழுதிக்கிட்டேன். பரீட்சைலயும் சுத்தின்னே போட்டேன்."

விடை சார் ரிசீவரை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"அடுத்த தடவை..."

"வயசு முடிஞ்சுடுச்சு சார். இதுதான் கடைசி."

அது எப்படி இருக்கும் என்று அவருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. இனிப் பூசி மெழுகவும் அவருக்கு மனமில்லை.

"உங்களத் தயார் பண்ணப் போடலம்மா. போட்டா நீங்க எழுதுவீங்கன்னுதான் போட்டேன். எனக்கு வேற யாரும் எதுவும் எழுத மாட்டாங்க. அன்னிக்கும் அதுக்காகத்தான் போட்டேன். வெள்ளிக்கிழமை வரைக்கும் திருத்தாம இருந்ததும் அதுக்காகத்தான்."

திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டினால் நன்றாயிருக்கும் என்றுகூட நினைத்தார்.

"அதுக்குத் தப்பு எதுக்கு சார்?" என்றாள் அவள். "எழுதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எழுதியிருப்பேனே."

அவள் காத்திருந்து பார்த்துவிட்டு, வெச்சிடறேன் சார் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அவர் மேசைக்குத் திரும்பியபோது, பழைய கடைசி மாதிரித் தேர்வுக்குப் பக்கத்தில் சிவப்புப் புள்ளி ஒன்று விழுந்திருந்தது. ஜன்னலோரம் எழுதியிருந்தாள்: "வினா 41. அங்கவடி." அதற்குக் கீழே ஏதாவது இருக்கிறதா என்று திரையை இறக்கிப் பார்த்தார். அப்பா இப்போது எப்படி இருக்கிறார், வீட்டில் இருக்கிறாரா, இருக்கிறாரா இல்லையா என்று எதுவும் இல்லை. போனில் தானும் அதைக் கேட்கவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

'ஏற்கப்பட்டது' என்பதை அழுத்தினார். பதில் எழுதும் இடத்தில், விரல்கள் பழக்கத்தில் "திருத்தப்பட்டது. நன்றி." என்று அடித்துவிட்டன. அதை ஒவ்வோர் எழுத்தாக அழித்தார். "அப்பா எப்படி இருக்கார்? தப்பு எதுவும் இல்லாட்டாலும் எழுதுங்க," என்று அடித்து அனுப்பினார்.

அடுத்த திங்கட்கிழமைத் தேர்வில் நூறு விடையையும் ஒன்றுக்கு இரண்டு தடவை சரிபார்த்துப் போட்டார். மாலை வரை பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லா விடையும் சரியாக இருந்தது. யாரும் எழுதவில்லை.