டிரைவர் பக்கத்து மூடி

இங்கிலாந்தில் கீத்லி ஊரில் முப்பது வருஷம் பஸ் ஓட்டியவள் நான். என் கை நடுங்காது, எனக்குப் பொய் சொல்லவும் வராது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தேவாலயக் கூடத்து மேஜையில் குட்டி டாங்கிகளைப் பரப்பிவைத்துப் பழைய யுத்தங்களை மறுபடி நடத்துகிற கிளப் பைத்தியங்களில் நானும் ஒருத்தி. எல்லாருடைய டாங்கிக்கும் பெயின்ட் அடித்துக் கொடுப்பது நான்தான். அந்தத் தடியன்கள் அடித்தால் சுவருக்குச் சுண்ணாம்பு பூசின மாதிரி இருக்கும்.

போன மாதம் கிளப்பிலேயே மூத்தவரான வில்ஃப் உள்ளங்கையளவு ஷெர்மன் டாங்கி ஒன்றைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். பீரங்கிக் குழாயோடு மேலே சுழல்கிற கோபுரம் மட்டும் தனி. மற்றதெல்லாம் ரெசின் பிசினில் வார்த்த ஒரே கட்டி.

“இதுல டெய்சினு பேர் எழுதணும் கண்ணு. எங்கப்பா ஓட்டினது.”

வில்ஃபின் அப்பா கதை கிளப்பில் எல்லாருக்கும் தெரியும். இரண்டாம் உலகப்போரில், பிரான்சின் நார்மண்டியில் ஓர் ஆப்பிள் தோப்பில் டெய்சி தீப்பிடித்தது. உள்ளே இருந்த ஐந்து பேரில் நாலு பேர் குதித்துவிட்டார்கள். டிரைவர் மட்டும் வரவில்லை. அவருக்கு வயது இருபத்து மூன்று. மூன்று மாதம் கழித்து வில்ஃப் பிறந்தார். டிரைவர் ஏன் வரவில்லை என்று அவர் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை.

“அடுத்த வாரம் புதன்கிழமை எனக்கு நெஞ்சைத் தொறக்கப்போறாங்க. எண்பது வயசு. டாக்டரம்மா எந்த உறுதியும் குடுக்கல. அதுக்கு முன்னாடி அந்தத் தோப்பை ஒரே ஒரு தடவை ஆடிப் பாக்கணும். டெய்சி எரிஞ்சா எரிஞ்சுட்டுப் போகட்டும். எங்கப்பா வெளிய வரணும். அவ்வளவுதான்.”

டெய்சி எரியும் என்பதில் சந்தேகமே இல்லை. புதுப் பெயின்ட் முதல் ஆட்டத்திலேயே சாகும், எங்கள் ஆட்களில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் கிளப்பில் ஒரு விதி உண்டு. டாங்கி எரிந்தால் உள்ளே இருக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு பகடை உருட்டுவோம். நாலோ அதற்கு மேலோ விழுந்தால் ஆள் தப்பித்தார். வில்ஃப் நம்பியிருந்தது அந்த ஒரு பகடையை.

திங்கட்கிழமை பாசிப்பச்சை அடித்தேன். செவ்வாய்க்கிழமை சக்கரத்துக்குச் சேறு, பக்கவாட்டில் ‘டெய்சி’. கோபுரத்தைக் கொஞ்சம் இடப்பக்கம் திருப்பி வைத்தேன். நேராக வைத்தால் பொம்மைக்கடைச் சாமான் மாதிரி இருக்கும், எனக்குப் பிடிக்காது.

புதன்கிழமை காலையில் டீயும் கையுமாகப் போய்ப் பார்க்கிறேன், கோபுரம் நேராக நிற்கிறது. பூனை தட்டியிருக்கும் என்றால் என் வீட்டில் பூனை கிடையாது. திரும்ப இடப்பக்கம் திருப்பினேன். முன்னால் இடப்பக்கம், டிரைவர் தலைக்கு மேலே இருக்கும் மூடியில் பெயின்ட் கீறல் கீறலாக உரிந்திருந்தது. மட்டமான வார்னிஷ் என்று கடைக்காரனைத் திட்டிக்கொண்டே மறுபடி பூசினேன்.

வியாழன் காலையும் அதே கதை. வெள்ளிக்கிழமை பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். வெளியிலிருந்து கீறியிருந்தால் பெயின்ட் உள்ளே அழுந்தியிருக்கும். இது வெளியே பார்த்துச் சுருண்டிருந்தது. உள்ளிருந்து யாரோ நகத்தால் பிறாண்டின மாதிரி. உள்ளே என்ன இருக்கிறது? ஒரு மண்ணும் இல்லை, கெட்டி ரெசின்!

பயம் வந்தால் எனக்குக் கோபம்தான் வரும். சனிக்கிழமை காலையில் கோபுரத்துக்கு அடியில் பசையை விட்டு, இடப்பக்கமாகவே அழுத்திப் பிடித்து ஒட்டிவிட்டேன். இனிமேல் எப்படித் திரும்புகிறாய் பார்க்கலாம் என்று அதனிடமே சொன்னேன். கொஞ்ச நேரத்தில் மேஜைப் பக்கமிருந்து டிக் டிக்கென்று ஒரு சத்தம். கருகல் வாடை வேறு. அடுப்பைப் போய்ப் பார்த்தேன், அணைந்துதான் இருந்தது. சத்தம் நிற்கவில்லை. நான் ரேடியோவைச் சத்தமாக வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் ஜெர்மன் பக்கம் பேரி. தண்ணீர்க்குழாய் ரிப்பேர்க்காரன், வாய் ஓயாது.

“மாரீன் கைப்பட்ட டாங்கியா? அப்ப எரியறப்பவும் அழகா எரியும்” என்றான் என்னைப் பார்த்து.

டெய்சி தோப்புக்குள் நுழைந்ததும் அவன் பீரங்கிக்குப் பகடையில் ஆறு விழுந்தது, டெய்சி எரிந்தது. புகைக்காக நாங்கள் வைத்திருக்கும் கறுப்புப் பஞ்சை அவனே டெய்சி மேல் வைத்தான். வில்ஃப் உருட்டினார். ஐந்து, நாலு, ஆறு, நாலு. நாலு பேரும் தப்பித்தார்கள்.

ஐந்தாவது பகடையைக் கையில் எடுத்தவர் குனிந்து டெய்சியைப் பார்த்தார்.

“மாரீன், பீரங்கிக் குழாய் ஏன் இங்க நிக்குது?”

“பாக்க அழகா இருக்கும்னு...”

“அன்னிக்கும் இப்படித்தான் நின்னுச்சு. தப்பிச்சவர் ஒருத்தர் எங்கம்மாவுக்கு எழுதினார். குழாய் மூடிக்கு நேர் மேல. மூடியைத் தொறக்கவே முடியல. கோபுரத்தைத் திருப்ப உள்ள ஆளும் இல்ல. ரொம்ப நேரம் தட்டுற சத்தம் கேட்டுச்சாம்.”

அந்த இருபத்து மூன்று வயதுப் பிள்ளை ஒரு வாரமாக என்னிடம் கேட்டிருக்கிறான். நான் என்ன செய்தேன்? பசை போட்டு ஒட்டிவிட்டு ரேடியோ வைத்தேன்!

பஞ்சைத் தள்ளிவிட்டு டெய்சியைப் பிடித்தேன்.

“ஏய் ஏய்! ஆட்டத்துல இருக்கிற டாங்கிய தொடக்கூடாது...”

“வாயை மூடுடா பேரி!”

பல்லைக் கடித்துக்கொண்டு திருகினேன். நகம் பிய்ந்து ரத்தம் வந்தது. படக்கென்று பசை விட்டு, கோபுரம் வலப்பக்கம் திரும்பியது. “மன்னிச்சுக்கோ தம்பி” என்றேன். வில்ஃபிடம் அல்ல, மூடிக்கு அடியில் இருந்தவனிடம்.

வில்ஃப் பகடையை உருட்டினார். அது மேஜை விளிம்பில் இடித்துக் கீழே விழுந்து, நாற்காலிகளுக்கு அடியில் ஓடி எங்கேயோ போய்விட்டது.

“தரையில விழுந்தது செல்லாது” என்றான் பேரி. குரலில் கிண்டலே இல்லை. “இந்தாங்க, என் பகடையைப் போடுங்க.”

வில்ஃப் அதை வாங்கவில்லை. டெய்சியையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன்.

டிரைவர் பக்கத்து மூடி திறந்திருந்தது. நான் பூசிப் பூசிச் சலித்த அதே மூடி, வார்ப்போடு வார்ப்பாக இருந்த மூடி, நிமிர்ந்து நின்றது. அதற்குக் கீழே பட்டாணி அளவுக்கு இருட்டாக ஒரு குழி. பேரி பகடையைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான்.

வில்ஃப் டெய்சிக்குப் பக்கத்தில், மேஜையில் விரித்த பச்சைத் துணி மேல் கையை மல்லாத்தி வைத்தார். கூடத்தைப் பூட்டுகிறவர் சாவியோடு வந்து நிற்கும்வரை அந்தக் கையை எடுக்கவில்லை. உள்ளங்கையில் எதையோ பொத்திக்கொள்கிற மாதிரி விரல்கள் மட்டும் மெதுவாக மூடிக்கொண்டன.

“வில்ஃப், கிளம்பலாமா?” என்றேன்.

“கொஞ்சம் இரு கண்ணு” என்றார். “கை இன்னும் சூடா இருக்கு.”