கரிக்குள் குடியிருந்தவர்கள்

1
ஒரு கைப்பிடிக் கரியில் ஐநூறு கோடிப் பேரைத் தூங்கவைத்து, எட்டு மாதம் கழித்து ஒருவர் விடாமல் எழுப்பியவன் நான். சிரிக்காதீர்கள். என் மச்சான் சிரித்ததால்தான் இந்தக் கதையே பிறந்தது.

2
முதல் தொடக்கம்: 'நுண்ணுயிர் உர ஆலையின் கலவைக்காரரான அவர், ஒரு மழைநாளில்…'

வேண்டாம். அன்று மழை இல்லை. (அந்த 'அவர்' நான்தான். 'நான்' என்று எழுதினால் அளந்துவிடக் கை கூசுகிறது.)

மறுபடி: ஓய்வுபெறுவதற்கு முன் அவர் செய்த கடைசிக் கலவை அது. மரத்தூளைக் காற்றுப் புகாமல் சுட்டுக் கரியாக்கினார். சாம்பல் காரம் போக ஏழு தண்ணீர் விட்டு அலசினார். பயிருக்குத் தழைச்சத்து பிடித்துத்தரும் பாக்டீரியாக் கரைசலை அதில் ஊற்றினார். கரியெல்லாம் நுண்துளை, துளையெல்லாம் அறை. அறைதோறும் அவை ஈரத்தைப் போர்த்திக்கொண்டு படுப்பதைக் கண்ணால் பார்த்தார். (பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.)

3
எட்டாம் மாதம் சோதனை. உயிரோடிருப்பவை குறைந்தால் அவர் கலந்து கட்டிய நாற்பது மூட்டையும் அடுப்புக்குப் போகும். கரியை நீரில் குலுக்கி, அந்த நீரைத் தட்டில் ஊற்றி, முளைக்கும் புள்ளிகளை எண்ணுகிறவர் அவர் மனைவியின் தம்பி. (இந்தப் பாத்திரத்தை நானே நம்பவில்லை. இத்தனை கறாரான மச்சான் உண்டா?)

வீட்டுக்கு வந்தவர் உட்காராமலே சொன்னார்.

"அத்தான், தட்டு காலி. ஒண்ணுகூட முளைக்கல."

"எவ்வளவு நேரம் குலுக்கினே?"

"எப்பவும்போல பத்து நிமிஷம்."

"அது நாம வழக்கமா கலக்குற மக்குத்தூளுக்கு மாப்ள. கரியில ஒட்டிக்கிட்டவன் அவ்வளவு லேசுல வெளிய வருவானா? கரியோட சின்னச் சின்னக் கண்ணாடி மணிகளையும் போட்டு ஒரு மணி நேரம் குலுக்கு."

"செத்தவன குலுக்கினா எந்திரிப்பானா?" என்று சிரித்தார்.

"உன்னைப் பள்ளிக்கூடத்துக்கு எழுப்ப உங்கக்கா குலுக்கினாளே, அந்த மாதிரி குலுக்கிப் பாரு."

4
முடிவு ஒன்று: மூட்டைகள் எரிகின்றன. புகைக்குள்ளிருந்து கோடானுகோடிக் கொட்டாவிகள் எழுந்து… (எழுதிவிட்டு நானே அழுதேன். அடித்தாயிற்று.)

முடிவு இரண்டு: மச்சான் ஒரு மணி நேரம் குலுக்குகிறார். மூன்றாம் நாள் தட்டில் வெள்ளைப் புள்ளிகள், விடியற்கால நட்சத்திரங்கள் போல. எண்ண ஆரம்பித்தவர் எண்ணிக்கொண்டே தூங்கி…

எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள் என்று உங்களிடமே தள்ளிவிட இருந்தேன். பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்த மச்சான் விடவில்லை.

"நான் ஒண்ணும் தூங்கல அத்தான். மூணு தட்டையும் ரெண்டு தடவ எண்ணினேன். மூட்டைக்குத் தேறுச்சுன்னு முத்திரை குத்தினதும் நான்தான்." தாளை விரலால் தட்டினார். "தப்பு என் குலுக்கல்லதான். இது நடந்துச்சு, எழுதிக்குங்க."