நாகையாவின் முதுகில் ஏறிய பார்சல்கள்

1943ஆம் ஆண்டு தீபாவளி வாரத்தில், பிரிக்பீல்ட்ஸில் பார்சல் கம்பெனி நடத்திய நாகையாவின் முதுகில் ஒரு பார்சல் ஒட்டிக்கொண்டு இறங்க மறுத்தது. பொழுது சாய்வதற்குள் இன்னும் சில பார்சல்கள் ஏறிக்கொண்டன. அந்த வாரம் மண்ணெண்ணெய் எங்கும் கிடைக்கவில்லை, மரவள்ளிக் கிழங்கும் விலை ஏறியிருந்தது. ஆகவே தெருவில் இதைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு.

நாகையா கெட்டிக்காரர் என்று பெயரெடுத்தவர். சண்டைக்கு முன்பு ஒவ்வொரு தீபாவளிக்கும் ரப்பர் தோட்டங்களுக்குப் போகும் வேட்டி சேலைகளை மாட்டுவண்டியிலும் லோரியிலும் பிரித்து அனுப்பி, ஒன்று தவறாமல் சேர்த்தவர். ஜப்பான்காரன் வந்து, தோட்டத்து ஆண்களையும் ரேஷன் வரிசையில் நின்ற ஆண்களையும் சயாமுக்கு ரயில் பாதை போட அள்ளிக்கொண்டு போன பிறகு, வடக்கே போகும் கூட்ஸ் ரயிலில் ஒரே ஒரு பெட்டிக்கு அவர் அனுமதி வாங்கினார். செய்தி பரவியதும் அம்பாங், மேரு, செமினி என்று எல்லாப் பக்கமிருந்தும் பெண்கள் தங்கள் ஆண்களுக்கு அனுப்ப மூட்டையோடு நடந்து வந்தார்கள். கொட்டகையில் பார்சல் கூரையைத் தொட்டது. நாகையா கூடுதலாகப் பெண்களை வேலைக்கு எடுத்து, கோணி ஊசியையும் சணலையும் கொடுத்து உட்காரவைத்தார். மாலையில் மலைபோல் கிடந்ததெல்லாம் மறுநாள் காலையில் இருக்காது. தீபாவளி நெரிசலை இவரைப்போல் யாராலும் சமாளிக்க முடியாது என்று ஊரே சொன்னது.

அங்கே தைத்தவர்களில் பவுனம்மாளும் ஒருத்தி. அவள் புருஷன் ரெங்கசாமி சயாமில் இருந்தான். அங்கிருந்து தப்பி வந்த ஒருவன் மூலம் அவன் ஒரே ஒரு சொல்தான் சொல்லி அனுப்பியிருந்தான்: கொய்னா. குளிர்க்காய்ச்சல் அவனை விட்டுவிட்டுப் பிடித்தது, அதற்கு மருந்து அதுதான். பவுனம்மாள் தாலியைக் கழற்றிக் கொடுத்துக் கொய்னா மாத்திரை வாங்கினாள். புதுச் சட்டை ஒன்று தைத்து, காலருக்கு உள்ளே தன் கல்யாணச் சேலையின் துண்டை வைத்து, மாத்திரைகளைக் கீழ் மடிப்புக்குள் மறைத்து, பார்சலாக்கித் தன் கையாலேயே குவியலின் மேல் வைத்தாள்.

பத்து நாள் கழித்துக் கிழங்கு மாற்றக் கிள்ளான் பாசாருக்குப் போனவள், ஜெய்னுலாபுதீன் என்பவரின் துணிக்கடையில் அந்தச் சட்டை தொங்குவதைப் பார்த்தாள். காலரைத் திருப்பினாள், சேலைத் துண்டு இருந்தது. கீழ் மடிப்பைத் தடவினாள். அது பிளேடால் கீறப்பட்டுக் காலியாக இருந்தது.

"இது எங்கேருந்துண்ணே வந்துச்சு?"

"பிரிக்பீல்ட்ஸ் நாகையா லோரியில அனுப்புறாரு தங்கச்சி. தெனமும் விடியுறதுக்கு முன்னாடி வருது. ஏன், என்னாச்சு?"

அவள் சொன்னாள். ஜெய்னுலாபுதீன் சட்டையை இறக்கி, தன் வீட்டிலிருந்த கொஞ்சம் கொய்னாவையும் அதற்குள் சுற்றி அவளிடம் கொடுத்துவிட்டு, அன்றைக்குக் கடையைச் சாத்தினார்.

பவுனம்மாள் அழவுமில்லை, கத்தவுமில்லை. கொட்டகைக்குத் திரும்பி, சட்டையை மறுபடி பார்சலாக்கி, தையல் முழுக்க இரட்டை முடிச்சாகப் போட்டாள். நாகையா குனிந்து செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்தபோது, அதை அவர் முதுகில் வைத்து அழுத்தி, புருஷன் பெயரையும் முகாமையும் உரக்கச் சொன்னாள். பிறகு பார்சலைப் பார்த்து, "போய்ச் சேர்ற வரைக்கும் எறங்காதே," என்றாள்.

அது இறங்கவில்லை. விஷயம் தெரிந்ததும் மற்றப் பெண்களும் தங்கள் பார்சல்களைக் கொண்டுவந்து வைத்தார்கள். லோரி ஓட்டிய வாசு பாராங் கத்தியால் வெட்டிப் பார்த்தான், கத்தி மழுங்கியது. ஜப்பான் சிப்பாய் ஒருவன் துப்பாக்கிமுனைக் கத்தியை நுழைத்து நெம்பினான், அது வளைந்ததும் சிரித்துக்கொண்டே போய்விட்டான். பார்சல்கள் நாளுக்கு நாள் கனத்தன. நாகையாவால் படுக்க முடியவில்லை, தன் கொட்டகை வாசலுக்குள் நுழையவும் முடியவில்லை. ஒரு வாரத்தில் பவுனம்மாள் காலில் விழுந்தார்.

"தெரியாம செஞ்சிட்டேன் பவுனம்மா. எறக்கி விட்டுடு லா."

"ஏத்தத்தான் எனக்குத் தெரியும் மொதலாளி. எறக்கறவங்க சயாம்ல இருக்காங்க. போங்க."

ஆள் போக அனுமதி இல்லாததால், ஸ்டேஷன் குமாஸ்தா அவரைச் சரக்கு என்று தராசில் நிறுத்து, மார்பில் சீட்டு ஒட்டி, கூட்ஸ் பெட்டியில் ஏற்றினார்.

அதன் பிறகு 1944 கழிந்தது. மக்கள் கிழங்கு தின்றார்கள், சாக்கை உடுத்தினார்கள். சயாமிலிருந்து தப்பி வந்த ஓரிருவர், காட்டுக்குள் முகாம் முகாமாக ஒரு கூனன் ஒவ்வொரு பெயராகக் கூவிக்கொண்டு அலைவதாகவும், பெயருக்கு உரியவன் தொட்டால் பார்சல் பழம்போல் கழன்று விழுவதாகவும் சொன்னார்கள். மேரு பக்கத்து வள்ளியம்மாவின் மகன் அப்படித்தான் ஒரு போர்வை பெற்று உயிரோடு திரும்பினான்.

1945இல் ஜப்பான்காரன் தோற்றுப்போன பிறகு நாகையா நடந்தே ஊர் வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. முதுகில் ஐந்து பார்சல்கள் மிச்சமிருந்தன, பவுனம்மாளுடையதும் அதில் ஒன்று. நேராகப் பவுனம்மாள் வீட்டு வாசலில் வந்து குனிந்து நின்றார்.

"எப்ப?" என்று மட்டும் அவள் கேட்டாள்.

"அந்தத் தீபாவளி கழிஞ்சு மறுவாரம். நான் போய்ச் சேர்ந்தப்ப மூங்கில் பொதரைக் காட்டினாங்க. காய்ச்சல்தான். அந்த மண்ணு மேலயே முதுகை வச்சு மூணு நாள் கெடந்தேன். எறங்கல."

"மொதல்ல குடுத்த அன்னைக்கே அனுப்பியிருந்தா?"

நாகையாவின் கண்ணீர் மூக்கு நுனியிலிருந்து மண்ணில் சொட்டியது. பவுனம்மாள் உள்ளே போய்க் கோணி ஊசியோடு வந்தாள். தையலைப் பிரிக்கப் போகிறாள் என்று நினைத்து அவர் இன்னும் தாழக் குனிந்தார். காட்டிலும் மழையிலும் அவள் பார்சலின் ஒரு மூலையில் தையல் நெகிழ்ந்து போயிருந்தது. அவள் அதை இழுத்து, புதுச் சணல் கோத்து, முன்பைவிட நெருக்கமாகத் தைத்து, பல்லால் கடித்து அறுத்தாள்.

"அவுந்துடப் போவுது," என்றாள்.

நாகையா எங்கும் ஓடிப்போகவில்லை. தெருமுனை அரசமரத்தடியில் தங்கினார். வண்டிக்காரர்கள் அவருக்கு ஒதுங்கி ஓட்டப் பழகினார்கள், நாவிதர் அவரை நிற்கவைத்தே முடி வெட்டினார். அந்த வருடத் தீபாவளியன்று காலை ஐந்து பெண்கள் தலைமுழுகி வந்து, தங்கள் தங்கள் பார்சலுக்கு எண்ணெய் தொட்டு வைத்து, சந்தனம் பூசினார்கள். புருஷனைப் புதைத்த இடம் அவர்களுக்கு வேறு இல்லை. பவுனம்மாள் அவர் முதுகுக்குப் பின்னால் வாழையிலை விரித்து, சோறும் கருவாட்டுக் குழம்பும் வடையும் படைத்து, ரெங்கசாமியின் பெயர் சொல்லிக் கும்பிட்டாள். கிழங்கு தின்றே நாலு வருடம் கழித்த நாகையாவுக்கு அரிசிச் சோற்றின் வாசனை வந்தது. திரும்பிப் பார்க்க முடியாத கனம். படையல் முடிந்ததும் அவள் இலையை எடுத்துக் காக்கைக்கு வைத்துவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் வீட்டுக்குப் போனாள்.