எலி நல்லாயிருக்கிற வீடு

வீட்டோடு மாப்பிள்ளையாகப் போனவனுக்கு நோய் வரக்கூடாது. வந்தாலும் தறி நிற்கக்கூடாது. செல்லூரில் கண்ணுச்சாமி வீட்டுச் சட்டம் அது.

வெள்ளைக்காரன் காலம். அந்த ஐப்பசியில் வைகை பொங்கித் தெருவுக்குள் வந்தது. வயக்காட்டு எலிகள் பூராவும் வீடுகளில் ஏறிக்கொண்டன. குழித்தறி என்றால் தரையில் உட்கார்ந்து, குழிக்குள் காலைத் தொங்கவிட்டு மிதிக்க வேண்டும். வெள்ளம் வடிந்த பிறகும் குழியில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. அதில்தான் எலிகள் நீந்தின, மோண்டன. அதில்தான் மருமகன் முத்திருளன் நாளெல்லாம் காலை வைத்திருந்தான். விரலிடுக்கெல்லாம் சேற்றுப்புண்.

"தண்ணிய எறச்சுட்டு நெய்யுறேன் மாமா."

"எறச்சா மறுபடி ஊறும். தீவாளிக்குச் சேலைய முடிச்சு, தறியிலருந்து அறுத்துக் குடுக்கணும். மிதிடா."

காய்ச்சல் வந்தது. கெண்டைக்காலைத் தொட்டால் அலறினான். கண் இரண்டும் சிவந்துவிட்டன.

"கள்ளுக்கடைக்குப் போயிட்டு வந்து காய்ச்சல்ங்கிறான் பாரு!" என்றார் கண்ணுச்சாமி. பாவி மனுஷா, அவன் கள்ளை மோந்துகூடப் பார்க்காதவன்.

தெருவில் நாலைந்து தறிக்காரர்களுக்கு இதே காய்ச்சல். மகள் தங்கப்பொண்ணு அப்பன் காலில் விழுந்தாள். "பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போவோம்ய்யா. எதுத்த வீட்டுப் பால்பாண்டி அண்ணே இதே காய்ச்சலுக்கு அங்க போய்த்தான பொழச்சு வந்துச்சு."

"பிளேக்குன்னு சொல்லி சர்க்காருக்காரன் வீட்டப் பூட்டிருவான். எலி செத்து விழுந்தாத்தான்டி பிளேக்கு. இங்க அம்புட்டு எலியும் துள்ளி ஓடுது. எலி நல்லாயிருக்க வீட்டுல மனுசனுக்கு என்ன நோவு?"

ஊரே அப்படித்தான் நம்பியது. முத்திருளனுக்குக் கண் மஞ்சளானதும், காமாலைக்குச் சூடுதான் மருந்து என்று கண்ணுச்சாமி கம்பியைப் பழுக்கக் காய்ச்சி அவன் கையில் இழுத்தார். கத்தவும் தெம்பில்லை அவனுக்கு. மறுநாள் மூத்திரம் நின்றுபோய், விக்கி விக்கிச் செத்தான்.

காரியம் முடியும்வரைகூடப் பொறுக்கவில்லை. சேலை பாதியில் நிற்கிறதே! கண்ணுச்சாமி தானே குழியில் இறங்கினார். தீபாவளிக்கு அறுத்தும் கொடுத்தார். பிறகு ஒருநாள், "கெண்டக்கால் கடுக்குது தாயி" என்று சுருண்டு படுத்தார். தங்கப்பொண்ணு குனிந்து பார்த்தாள். கண் இரண்டும் சிவப்பு.

"கள்ளு குடிச்சீகளாய்யா?"

"ஐயோ, இல்ல தாயி. பெரியாஸ்பத்திரிக்கு ஒரு வண்டி பிடிச்சுட்டு வா. சீக்கிரம் போ."

தறிக்குழியிலிருந்து ஒரு எலி ஏறி, அவர் கால்மாட்டைத் தாண்டி ஓடியது.

"எலி அம்புட்டும் நல்லாத்தான இருக்கு. உங்களுக்கு என்ன நோவு?" என்று சொல்லிவிட்டு, கம்பியை எடுத்து அடுப்பில் வைத்தாள்.